ஒற்றைக்கண் குதிரையும் விற்பவரின் கடனும்

விற்பவர் தன் பொருளின் குறையை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டுமா? 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் இந்தக் கேள்விக்குக் குதிரையை உதாரணமாக எடுத்தார். நொண்டிக் குதிரையை வேகக்குதிரை என்று விற்பது மோசடி என்றார். ஒற்றைக்கண் குதிரையின் குறையோ எல்லோருக்கும் தெரியும். விலையை அதற்கேற்பக் குறைத்துவிட்டால் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை என்றார்.

என் தொழிலான மென்பொருளில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. தெரிந்த குறைகளைப் பட்டியலிட்டுக் கொடுப்பது ஒன்று. ‘உள்ளது உள்ளபடி’ என்று உரிமத்தில் ஒரு வரி எழுதிக் கைகழுவுவது இன்னொன்று. குதிரை வியாபாரத்திலும் இதே இரண்டுதான்.

தென்மேற்கு ஒன்ராறியோவின் ஆமிஷ் பண்ணைகளில் இன்றும் குதிரைகளே ஏர் இழுக்கின்றன. பெர்ஷரான், பெல்ஜியன் இனங்கள். ஒவ்வொன்றும் 800, 900 கிலோ இருக்கும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள் நம்மூரில். காசு கொடுத்து வாங்கும் குதிரைக்குப் பல் மட்டும் பார்த்தால் போதாது. சேணம் பூட்டி, பாரம் இழுக்கவிட்டு, அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னோக்கியும் நடத்த வேண்டும். ‘ஷிவர்ஸ்’ என்ற கோளாறு பின்னோக்கி நடக்கும்போதும் பின்னங்காலைத் தூக்கும்போதும்தான் நன்றாகத் தெரியும். பினைல்பியூட்டசோன் என்ற வலிமருந்து கொடுத்திருந்தால் நொண்டலே தெரியாமல் போகலாம்.

அப்படியானால் விற்பவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வியாபாரத்தில் பேச முடியாத மூன்றாவது ஆள் ஒன்று இருக்கிறது. குறையைச் சொன்னால் விலை விழும். விலை விழுந்த பெருங்குதிரையை ஏலத்தில் எடைக்கணக்குப் போட்டு இறைச்சிக்கு வாங்கவும் ஆள் உண்டு. கனடாவில் அதற்குச் சட்டத்தடை இல்லை. உண்மை சொன்னதற்கான விலையைக் குதிரை கொடுக்கிறது. மறைத்து விற்றாலும் அதற்கு விடிவில்லை. ஏமாந்தவர் அடுத்த மாதமே அதை வேறொருவர் தலையில் கட்டப் பார்ப்பார்.

காட்டிலிருந்து மரம் இழுக்கக் குதிரை தேடிய நண்பர் ஒருவருடன் அத்தகைய பண்ணை ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெரியவர் விலையைப் பேசவில்லை. “என்ன வேலைக்கு?” என்றுதான் முதலில் கேட்டார். கேட்டுவிட்டு, “இதற்கு 17 வயது. பின்னங்கால் சரியில்லை. மரம் இழுக்க ஆகாது. பிள்ளைகளை ஏற்றிச் சின்ன வண்டி இழுக்கும். அப்படி ஒருவர் வந்தால் கொடுப்பேன்” என்றார். நண்பர் வெறுங்கையோடு திரும்பினார்.

ஒருவருக்கு உதவாத பொருள் இன்னொருவருக்கு உதவலாம் என்று அக்குவினாஸும் அதே இடத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த இன்னொருவரைத் தேடும் பொறுப்பை அவர் விற்பவர்மேல் வைக்கவில்லை. உயிருள்ளதை விற்கும்போது அந்தப் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது என்பேன். அக்கம்பக்கத்தில் வாங்குவதன் அருமையும் இதுதான். விற்பவருக்கு வாங்குபவரின் வேலை தெரியும். விற்ற குதிரையை நாளையும் அவர் வழியில் பார்ப்பார். ஏலத்தில் உண்மையைச் சொல்லலாம். அது யார் கைக்குப் போகிறது என்று பார்க்க முடியாது.