கவனக்குறைவு யாருடையது?

தொழிற்சாலை விபத்துச் செய்திகளில் 'ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம்' என்னும் வாக்கியத்தை நாம் பலமுறை வாசித்துக் கடந்திருக்கிறோம். கற்றுக்கொடுக்கப்படாத ஒருவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்ல நம் மனச்சான்று இடம் தருமா?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் களிமண் மூட்டையைத் தோளில் சுமப்பவருக்குப் பாரத்தின் அளவை அவர் முதுகே சொல்லிவிடும். மிஞ்சினால் கால் தள்ளாடும், இறக்கிவிடுவார். பக்கத்து ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வேலை தேடிச் சென்ற இளைஞர் ஒருவர் ஒரகடத்துக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் அமரும்போது அந்த எச்சரிக்கை அற்றுப்போகிறது. நெம்புகோலை அசைத்தால் 2 டன் எழும்பும்; உடலுக்கு ஒன்றும் தெரியாது.

இவ்வண்டி காரைப் போன்றதன்று. பின்சக்கரங்களே திரும்புவதால், வளையும்போது இதன் வால்பகுதி வெளியே வீசி, அருகில் நடப்பவரைச் சுவரோடு நெருக்கிவிடும். பாரத்தை உயர்த்தியபடி திரும்பினால் கவிழக்கூடும். சரிவில் ஏறினாலும் இறங்கினாலும் பாரம் மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும். இவற்றினும் நம்மைத் திடுக்கிட வைப்பது ஒன்றுண்டு. வண்டி சாயும்போது வெளியே குதிப்பது மனித இயல்பு. குதித்தவர் மீதே அது விழுந்துவிடுகிறது. இருக்கைப் பட்டையுடன் உள்ளேயே அமர்ந்து, திசைச் சக்கரத்தை இறுகப் பற்றி, சாயும் பக்கத்திற்கு எதிர்ப்புறமாக உடலை வளைப்பதே உயிர் காக்கும் வழி. எத்துணைக் கவனமுள்ளவரும் இதைத் தாமாக அறியமாட்டார். யாரேனும் சொல்லித்தர வேண்டும்; செய்து பழக வேண்டும்.

1984-இன் போபால் துயரத்திற்குப் பின், 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டபோது, பாதுகாப்புப் பயிற்சி பெறுவது தொழிலாளியின் உரிமை என்றே எழுதப்பட்டது; சலுகை என்றன்று. அமெரிக்காவிலோ 1999 முதல், இவ்வண்டி ஓட்டுநரின் திறனை மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்க வேண்டும் என்பது விதி. நம் பக்கத்தில் பழைய ஓட்டுநர் அருகே இரண்டு நாள் நின்று பார்ப்பதையே பயிற்சி என்று கொள்வோர் உண்டு. (அதைக் குருகுலம் என்று பெருமை பேசுவோரும் உண்டு!) பழையவரின் பிழைகளும் சேர்ந்தே கற்பிக்கப்படுகின்றன.

பயிற்சி நாளுக்கும் கூலி தரவேண்டும். பயின்றவர் அடுத்த மாதமே வேறிடம் போய்விடலாம். சிறுதொழில் நடத்துவோரின் இக்கவலை பொய்யன்று. ஆயினும், டீசலும் பழுதுபார்ப்பும் வண்டியின் செலவுக் கணக்கில் ஏறும்போது, பயிற்சி மட்டும் வெளியே நிற்பதேன்?

முறையாகப் பயின்ற பின்னும், வண்டியின் வெறும் முட்கரத்தின் மேல் ஆளை ஏற்றி உயர்த்துபவர் அறிந்தே செய்கிறார். அவரைக் குறித்து அந்தச் சொல்லைக் கூசாமல் சொல்லலாம். ஏனையோர் விஷயத்தில் விசாரிக்கும் அதிகாரி முதலில் கேட்க வேண்டியது, இவருக்கு யார், எப்போது, எத்தனை நாள் கற்பித்தார் என்பதையே.