இடம் மாறிய கோப்பு அதே கோப்புதானா?

கிளவுட் சேமிப்பில் ஒரு கோப்பை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது பல சமயம் எதுவுமே நகர்வதில்லை. கூகுள் டிரைவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அது எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்ற குறிப்பும் உண்டு. இடமாற்றத்தில் திருத்தப்படுவது அந்தக் குறிப்புதான். அடையாள எண்ணும் லிங்க்கும் அப்படியே இருக்கின்றன. ஆயிரம் பக்கக் கோப்பும் ஒரு பக்கக் கோப்பும் ஒரே வேகத்தில் இடம் மாறுவது இதனால்தான். அமேசானின் எஸ்3 போன்ற சேமிப்பகங்களில் நிலைமை வேறு. அங்கே கோப்பின் நீண்ட பெயரில் முன்பகுதியைத்தான் ஃபோல்டர்போலக் காட்டுகிறார்கள். இடமாற்றம் என்றால், வழக்கமாக, புதிய பெயரில் நகல் எடுத்துவிட்டுப் பழையதை அழிப்பார்கள். கடைசியாக மாற்றிய தேதிகூடப் புதிதாகிவிடும். ஒன்றில் பொருள் நிலைத்திருக்க, அதன் சார்பு மாறுகிறது. மற்றொன்றில் பொருளே புதிது. இரண்டுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் இடமாற்றம். மாறிய பின்னும் இது அதுதானா என்று உயிரைக் குறித்து நம் சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வியை இங்கே கோப்பைக் குறித்தும் கேட்டாக வேண்டும். விடையைப் பொறுத்து ஒரு மனிதனுக்குச் சேர வேண்டியது சேரும், அல்லது சேராமலே போகும்.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸை நினைத்துப் பார்த்தால் இது மிகைப்பேச்சு அல்ல என்று புரியும். தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாக இறங்கிய சுரங்கம் அது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், தலைமுறை தலைமுறையாக அதில் உழைத்தார்கள். சுரங்கங்களை ஜான் டெய்லர் கம்பெனி நடத்தியது. 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசுக்குப் போனது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் பிறந்தது. 2001 பிப்ரவரி 28இல் எல்லாம் மூடப்பட்டது. 1950இல் வேலைக்குச் சேர்ந்து 1975இல் ஓய்வு பெற்ற ஒருவர், அதே சுரங்கத்தில் இறங்கி ஏறியபடியே நான்கு முதலாளிகளைப் பார்த்திருப்பார். பாறைத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் இங்கே சாதாரண நோய். 1940களில் எடுத்த மருத்துவக் கணக்கெடுப்பு, சோதிக்கப்பட்டவர்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் அதைக் கண்டது. இந்நோய் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும், முற்றும். அப்படி ஒருவருடைய நெஞ்சு எக்ஸ்ரேயை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். நுரையீரலின் மேல்பகுதியில் சிறுசிறு புள்ளிகள் தெரியும். காசநோயாகவும் இருக்கலாம். பக்கத்தில் பணிப்பேரேட்டை வைத்து, இவர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அண்டர்கிரவுண்டில் துளைபோடும் வேலையில் இருந்தார் என்று படித்த பிறகுதான் அது சிலிக்கோசிஸ் ஆகிறது, இழப்பீட்டுக்கு வழியும் பிறக்கிறது. இப்படிப்பட்ட ஆவணக் கட்டைக் கணினியில் ஏற்றுகிறவர், ஒழுங்கு கருதி எக்ஸ்ரேக்களை ஒரு ஃபோல்டரிலும் பேரேடுகளை இன்னொன்றிலும் சம்பளச் சீட்டுகளை மூன்றாவதிலும் பிரித்துப் போட்டால் ஒரு பக்கமும் தொலையாது. ஆனால் சான்று தொலைந்துவிடும்.

மெய்கண்டாரின் வழிவந்த சைவ சித்தாந்தத்தில் உயிருக்குச் சொல்லப்படும் இலக்கணங்களில் ஒன்று, சார்ந்ததன் வண்ணமாதல். படிகம் அருகிலுள்ள பூவின் நிறத்தைக் காட்டுவதுபோல, உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையில் நிற்கிறது. படிகம் பூவாகிவிடுவதில்லை என்பதையும் சித்தாந்தம் அதே மூச்சில் சொல்லும். இந்த இரட்டைப் பார்வைதான் நமக்கு வேண்டியது. கோப்புக்குத் தனக்கென ஓர் உள்ளீடு உண்டு. எதனோடு சேர்ந்திருக்கிறதோ அதனால் அது பெறும் பொருளும் உண்டு. முன்னதைக் காப்பாற்றியதால் பின்னதும் காப்பாற்றப்பட்டது என்று நினைப்பதே தவறு. பெரிய புராணம் சொல்லும் திருமூலர் வரலாறு இதை இன்னும் கூர்மையாக்குகிறது. சாத்தனூரில் இறந்து கிடந்த மூலன் என்ற ஆயனின் உடலில் யோகியார் ஒருவர் புகுகிறார். அவனை இழந்து வருந்திய பசுக்கள் துயர் தீர்ந்து வீடு திரும்புகின்றன. அதே முகம், அதே உடல். மனைவியோ அவரிடம் தன் கணவனைக் காணவில்லை. ஊரார் வந்து பார்த்து, இவர் பழைய தொடர்புகளைக் கடந்து நிற்பவர் என்று தெளிகிறார்கள். உடலை எவ்வளவு சோதித்தாலும் கிடைக்காத விடை அது.

இதற்கு முதல் மறுப்பு சட்டத்திலிருந்தே வரும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டம், மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் அதன் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண்தொடர் இது. ஓர் எழுத்து மாறினாலும் வேறாகிவிடும். எத்தனை ஃபோல்டர் மாறினாலும் ஹாஷ் மாறாது. அப்படியிருக்க என்ன கவலை? ஹாஷ் பெரும் காவல்தான், மறுக்கவில்லை. எக்ஸ்ரேயில் யாரும் கைவைக்கவில்லை என்று அது உறுதி தரும். அந்த எக்ஸ்ரே எந்தப் பேரேட்டுப் பக்கத்தோடு கட்டப்பட்டிருந்தது என்று அதற்குத் தெரியாது. ஹாஷைக் கோப்பின் கைரேகை என்பார்கள். தொழிலாளர்களைக் கைரேகையோடு பதிவுசெய்யும் ஏற்பாட்டை எதிர்த்து 1930இல் தங்கவயலே வேலைநிறுத்தம் செய்தது. ரேகை ஆளைக் காட்டிக்கொடுக்கும். அவர் என்ன வேலை செய்தார், எவ்வளவு தூசியை உள்ளிழுத்தார், அவருக்கு என்ன சேர வேண்டும் என்று சொல்லாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. இப்போது யார் ஃபோல்டரைத் திறந்து தேடுகிறார்கள்? பெயரைத் தட்டினால் போதும், எங்கிருந்தாலும் வந்துவிடும். நல்ல குறிப்புகளோடு ஏற்றப்பட்ட கோப்புக்கு இது முற்றிலும் உண்மை. ஊழியர் எண்ணும் சுரங்கத்தின் பெயரும் ஒவ்வொரு தாளோடும் இருந்தால் சார்பு ஃபோல்டரை நம்பி இருக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய தாள்கள் அப்படி வருவதில்லை. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். ஆங்கிலத்தில் ஒரே பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். தந்தை பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுதாகவும் இருக்கும். இவரை அவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது பல நேரம் அந்தத் தாள் எந்தக் கட்டில், எதற்கு அடுத்து இருந்தது என்பது மட்டுமே. ஆவணக் காப்பகத்தார் மூல ஒழுங்கைக் கலைக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். தேடலில் தாள் கிடைத்துவிடும், உறவு கிடைக்காது.

கோப்பு உயிரல்ல, அதற்குச் சித்தாந்தம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. உயிருக்குப் பாசம் அறுவது வீடுபேறு. கோப்புக்கு அப்படியொரு விடுதலை இல்லை. தொடர்பு அறுந்தால் அது வெறும் தாள். ஒப்புமை இந்த இடத்தோடு முடிகிறது. முடியும் அந்த இடத்தில்தான் நம் கடமையும் தொடங்குகிறது. உயிரின் வினைக்கணக்கு எத்தனை உடல் மாறினாலும் அதைப் பின்தொடரும் என்பது நம்பிக்கை. மனிதனின் உழைப்புக்கணக்கு தானாக அவனைப் பின்தொடராது. அதை யாராவது அவனோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். சாம்பியன் ரீப்ஸின் தொழிலாளர் லைன் வீடுகளில் இன்றும் வாழும் குடும்பங்களுக்கு வீட்டுரிமையாயினும் நிலுவையாயினும், தங்கள் தாத்தா இன்ன சுரங்கத்தில் இன்ன ஆண்டுகளில் இருந்தார் என்று காட்டும் தொடர்ச்சிதான் பிடிமானம்.

இவ்வளவு பார்த்தால் வேலை எப்போது முடியும் என்பது அலுவலகத்தின் கவலை. காத்திருப்பவர்கள் முதியவர்கள் என்பதால் அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் வேகமும் நேர்மையும் இங்கே எதிரெதிர் அல்ல. டிரைவ் போன்ற அமைப்பில் ஒருவரின் முழு ஃபோல்டரை அப்படியே மாற்றினால், உள்ளே எத்தனை தாள் இருந்தாலும் திருத்தப்படுவது மேல் ஃபோல்டரின் சார்பு ஒன்றுதான். உள்ளிருப்பவை தங்களுக்குள் இருந்த ஒழுங்கோடு போய்ச் சேரும். தாள்வகை பார்த்துப் பிரித்து மாற்றினால்தான் ஆயிரம் மாற்றங்கள், ஆயிரம் பிழைக்கு இடம். எக்ஸ்ரேயை எல்லோரும் பார்க்கக் கூடாது என்று பிரிக்க வேண்டி வரலாம். மருத்துவ ரகசியம் மதிக்கப்பட வேண்டியதுதான். அப்போது பழைய ஃபோல்டரில் ஒரு ஷார்ட்கட்டை விட்டுவிடலாம். 2020 முதல் டிரைவில் ஒரு கோப்பு ஒரே ஃபோல்டரில்தான் இருக்க முடியும், மற்ற இடங்களில் ஷார்ட்கட்தான் என்றானதால் இது இயல்பான வழியும்கூட. ஷார்ட்கட் இருக்கிறது என்பதற்காக அனுமதியில்லாதவருக்குக் கோப்பு திறக்காது. அங்கே ஓர் எக்ஸ்ரே உண்டு என்பது மட்டும் தெரியும். நகல் எடுத்து அழிக்கும் முறையில், எங்கிருந்து, எப்போது, யார் மாற்றினார் என்று ஒரு வரிக் குறிப்பை எழுதி, நகலின் ஹாஷ் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பழையதை அழிக்கலாம்.