மரவரியும் அறமும்: மின்கிற்றார் ஆக்கத்தை முன்வைத்து ஒரு நோக்கு

பயன் தராத அழகுக்காக மனித உழைப்பையும் இயற்கைப் பொருளையும் செலவிடுதல் அறமாகுமா என்பது பழைய வினா. கோயில்கள், அரண்மனைகள், அணிகலன்கள் ஆகியவற்றை முன்வைத்தே இவ்வினா பெரும்பாலும் எழுப்பப்படுகின்றது. அத்தகைய பேராக்கங்களிற் சமயமும் அரசும் செல்வமும் பின்னிக் கிடத்தலால், அழகு பற்றிய வினா தனித்து நிற்பதில்லை. ஒரு கைவினைஞர், ஒருவர்க்கென, ஒரே ஒரு முறை செய்யும் சிறு பொருளொன்றை எடுத்துக்கொள்ளின் வினா தெளிவு பெறும். வரியழகு மிக்க மரங்களைத் தேர்ந்து, கழுத்தும் உடலின் நடுப்பகுதியும் ஒன்றாக ஓடும்படி ஆக்கப்படும் மின்கிற்றார் அத்தகைய பொருளாகும்.

மின்கிற்றாரின் கழுத்தை உடலோடு இணைக்கும் முறைகள் மூன்று. முதலாவது திருகாணி கொண்டு பொருத்துதல். 1950 இல் அமெரிக்காவின் பெண்டர் நிறுவனம் பேரளவு உற்பத்தியிற் கையாண்ட முறை இது. கழுத்துப் பழுதுற்றால் நான்கு திருகாணிகளைக் கழற்றி வேறொன்றைப் பூட்டிவிடலாம். இரண்டாவது, கழுத்தை உடலிற் குடைந்த பொருத்தினுட் செருகிப் பசையிட்டு ஒட்டுதல். மூன்றாவதே ஊடுகழுத்து முறை. இதிற் கழுத்துமரம் தலை தொடங்கி அடிவரை உடலை ஊடறுத்துச் செல்லும். உடலின் இரு பக்கங்களும் சிறகுகள் போல அதன் மருங்கில் ஒட்டப்படும். 1948 இல் போல் பிக்ஸ்பி என்பார் மெர்ல் ட்ராவிஸ் என்னும் இசைஞர்க்குச் செய்தளித்த கிற்றாரும், 1957 இல் வெளிவந்த றிக்கன்பாக்கர் நிறுவனத்தின் பாஸ் கிற்றாரும், 1963 இல் வெளிவந்த கிப்சன் நிறுவனத்தின் பயர்பேர்ட் கிற்றாரும் இவ்வழி வந்தவை. 1969 இல் கலிபோர்ணியாவில் தொடங்கிய அலெம்பிக் நிறுவனம் இவ்வமைப்போடு அரிய வரிமரங்களையும் சேர்த்துத் தனிப் பாணியொன்றை உருவாக்கிற்று. ஒரே பலாமரத்துண்டிற் குடையப்படும் ஏகாண்ட வீணையை அறிந்தவர்க்கு இவ்வமைப்பின் உட்கருத்துப் புதியதன்று.

ஊடுகழுத்து ஆக்கத்தில் மீட்சி அரிது. மேப்பிள், வால்நட் முதலிய மரங்களின் நீண்ட கீற்றுகளை நாரோட்டம் எதிரெதிராக அமையுமாறு அடுக்கி ஒட்டியே கழுத்துக்கட்டை ஆக்கப்படும். ஒரு கீற்றின் முறுகலை அடுத்த கீற்றுத் தடுக்கும் என்பது இதன் நியாயம். ஈரம் முற்றாக உலராத மரமொன்று இடையிற் சேருமாயின், சில ஆண்டுகளின் பின்னர் கழுத்து வளையும். அப்பொழுது பழுதானது கழுத்து மாத்திரமன்று, கருவி முழுவதுமே. பெண்டரின் திருகாணி, தவறு நேரும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு அதற்கு வழிவிட்டுவைத்த அறிவு. ஊடுகழுத்து அவ்வழியைத் தானே அடைத்துக்கொள்ளுகின்றது. திரும்பப் பெறவியலாத செயலைச் செய்பவர் தொடங்குமுன்னரே கூடுதலாகச் சிந்திக்கக் கடமைப்பட்டவர். இக்கடமை ஒட்டின் உறுதியோடு முடிந்துவிடுமா, மரம் வந்த வழிவரை நீளுமா என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

இனி, வரியழகு என்பது யாது? மரத்தின் நார்கள் நேராக வளராது அலையலையாக வளைந்து வளரும்போது, அறுத்து மெருகிட்ட பரப்பில் ஒளி ஓரிடத்தில் நாரின் பக்கத்திலும் மற்றோரிடத்தில் அதன் முனையிலும் படுகின்றது. பக்கம் ஒளியைத் திருப்ப, முனை அதனை உள்வாங்குகின்றது. பார்ப்பவர் நகருந்தோறும் இருளும் ஒளியும் இடம் மாறுவதால் மரம் அசைவது போன்ற தோற்றம் உண்டாகின்றது. தீநாக்குப் போன்ற வரி, மெத்தை தைத்தாற் போன்ற வரி, பறவைக்கண் போன்ற புள்ளி எனப் பலவகையாக இது அமையும். வளர்ச்சியின் ஒழுங்கு பிறழ்வதே இவ்வழகின் மூலம். அப்பிறழ்வு தச்சர்க்கு நட்பானதன்று. சீவுளி நாரின் போக்கிற்கு எதிராகச் செல்லும் இடங்களில் மரம் பிய்ந்து வரும். நேர்நார் மரத்தின் உறுதியும் இதற்கில்லை.

ஒலிக்கு இவ்வரி துணைபுரிகின்றதா எனின், அதற்குச் சான்று காண்டல் அரிது. மின்கிற்றாரில் உருக்குத் தந்தியின் அதிர்வு காந்தச் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுவதாலேயே ஒலிக்குரிய மின்சைகை பிறக்கின்றது. மரத்தின் வன்மையும் நிறையும் தந்தியின் அதிர்வைச் சிறிதளவேனும் பாதிக்கலாம். வரியின் கோலம் பாதிப்பதாகக் கொள்ள நியாயமில்லை. மரத்தின் உடலே ஒலிக்கும் சாதாரணக் கிற்றாரிற்கூட அரிய மரத்தின் பெருமை ஐயத்திற்குரியதாகியுள்ளது. ஸ்பானிய ஆக்குநர் அன்டோனியோ டி டொறஸ் 1862 இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையினால் அமைத்து ஒரு கிற்றார் செய்தார். மேற்பலகையே ஒலிக்கு முதன்மையானது என்பதை நிறுவுவது அவர் நோக்கம். 1995 இல் அமெரிக்காவின் டெய்லர் நிறுவனம் பொதிகளை ஏற்றி இறக்கும் தட்டுகளின் கழிவுப் பலகையாற் கிற்றார் செய்து காட்டிற்று. 2018 இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்றில், முதுகு, பக்க மரங்களில் மட்டும் வேறுபட்ட ஆறு கிற்றார்களை ஐம்பத்திரண்டு வாசிப்போர் மரத்தைக் காணாது வாசித்தனர். விலை மிக்க மரத்திற்கும் மலிவான மரத்திற்கும் இடையே அவர்கள் வழங்கிய மதிப்பீட்டிற் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

ஆகவே, வரிமரம் வீண் பகட்டு என்று முடிவு கட்டலாமா? மின்கிற்றாரின் வரலாறே இதற்கு ஒரு மறுமொழி தருகின்றது. 1940 ஐ அண்டிய காலத்தில் லெஸ் போல் என்னும் இசைஞர் நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டையொன்றிற் கழுத்தையும் தந்திகளையும் காந்தச் சுருளையும் பொருத்தினார். அவர் பின்னாளிற் கூறியவாறு, வெறுங்கட்டையை வாசித்தபோது அவையோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. பழைய கிற்றார் ஒன்றின் உடலை இரண்டாக அறுத்து அதன் இரு மருங்கிலும் பூட்டி வாசித்தபோது வரவேற்றனர். ஒலி கட்டையிலிருந்தே வந்தது. சிறகுகள் கண்ணுக்காக வந்தன. இதனை அவையோரின் அறியாமை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் இசை கேட்போரும் வாசிப்போரும் செவி மாத்திரம் உடையவரல்லர். கருவியொன்றை மடியிற் கிடத்திப் பல்லாண்டு பழகுபவருக்கு அதன் தோற்றமும் தொடுகையும் அவ்வுறவின் பகுதிகளேயாம். 1790 இல் வெளியிட்ட தம் நூலில் ஜேர்மன் மெய்யியலாளர் கான்ட், அழகில் எழும் இன்பம் பயன்கருதா இன்பம் என வரையறுத்தார். அவ்வாறாயின், 'இவ்வழகினாற் பயன் என்ன?' என்று கேட்டு அழகை மறுப்பது, அதன் இயல்புக்குப் புறம்பான அளவுகோலால் அதனை அளப்பதாகும்.

இம்மட்டில் அழகு தப்பிவிடுகின்றது. ஆனால் இதனினும் வன்மையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அது பயனைப் பற்றியதன்று; பலியைப் பற்றியது. சீன ஞானி சுவாங் சூவின் பெயரால் வழங்கும் நூலிலே, கோணல்மாணலான மரம் தச்சனுக்கு உதவாமையால் வெட்டுண்ணாது நெடுங்காலம் வாழ்ந்தது எனும் கதை உண்டு. வரிமரத்தின் விதி இதற்கு நேர்மாறானது. நார் கோணியதாலேயே அது தேடி வெட்டப்படுகின்றது. அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்திலுள்ள ஒலிம்பிக் தேசிய வனத்தில் 2018 ஓகஸ்ட் மாதம் மூண்ட தீ சுமார் 3,300 ஏக்கர் காட்டை எரித்தது. இசைக்கருவிகளுக்கென விலைபோகும் மேப்பிள் மரங்களைக் களவாக வெட்டியோரின் செயலோடு அத்தீ தொடர்புபடுத்தப்பட்டது. 2021 இல் நடந்த வழக்கில், விற்கப்பட்ட மரத்தின் மரபணு காட்டில் எஞ்சிய அடிக்கட்டையின் மரபணுவோடு ஒத்தமை சான்றாக ஏற்கப்பட்டு, மரக்களவுக்குத் தண்டனை வழங்கப்பட்டது. பிறேசில் ரோஸ்வூட் மரத்தின் சர்வதேச வணிகம் 1992 இலேயே தடைக்குட்பட்டது. ஈழநாட்டிற்கும் இவ்வனுபவம் அந்நியமன்று. இந்நாட்டிற்கேயுரிய கலுமெதிரிய மரம், கருமையும் பழுப்பும் விரவிய தன் வரியழகு காரணமாகக் குடியேற்றவாத காலத்துத் தளபாடங்களுக்கென வெட்டப்பட்டுக் காடுகளில் அரிதாகிவிட்டது.

இவ்விடத்தில் ஒரு முரண் ஊன்றி நோக்கத்தக்கது. மேப்பிள் மரத்தில் வரி இருப்பின் விலை ஏறும். கருங்காலியில் வரி இருப்பின் விலை இறங்கும். விரற்பலகைக்குரிய கருங்காலி மாசற்ற கருமையாக இருத்தல் வேண்டும் என்பது நெடுங்கால மரபு. கருங்காலியின் உள்நிறம் வெட்டிய பின்னரே தெரியவரும். மேற்கூறிய டெய்லர் நிறுவனம் 2011 இல் ஸ்பானிய நிறுவனமொன்றோடு சேர்ந்து கமரூன் நாட்டுக் கருங்காலி ஆலையொன்றை வாங்கியபோது, வெட்டிய மரங்களுட் பழுப்புவரி ஓடியவை காட்டிலேயே அழுக விடப்பட்டமை தெரியவந்தது. அதன் பின்னரே அந்நிறுவனம் வரியோடிய கருங்காலியையும் தன் கருவிகளிற் பயன்படுத்தலாயிற்று. ஒரு மரம் வரியுடைமையால் வெட்டப்பட, மற்றொன்று வெட்டப்பட்ட பின் வரியுடைமையாற் கைவிடப்படுகின்றது. இரண்டிலும் கண் ஒன்றே, வழக்கம் வேறு. 1958 முதல் 1960 வரை கிப்சன் நிறுவனம் செய்த வரிமேப்பிள் முகப்புடைய லெஸ் போல் கிற்றார்கள் அன்று விற்பனை குன்றிக் கைவிடப்பட்டன. இன்று அவற்றுட் பல இலட்சக்கணக்கான டொலர்களுக்கு விலைபோகின்றன. சுவை இயற்கை தந்த மாறாத விதியாயின் அதற்கு எவரும் பொறுப்பாளியாகார். அது பழக்கத்தால் ஆவது, பழக்கத்தால் மாறுவது. ஆதலின் அது அறத்தின் எல்லைக்குட்பட்டது. 'எனக்கு இதுவே அழகாகத் தோன்றுகின்றது' என்பது விளக்கமாகலாம், நியாயமாகாது.

சுவையைத் திருத்தினாற் போதும் எனின், புதிய சுவை புதிய மரத்தைத் தேடி வெட்டச் செய்யாதா என்று வினவலாம். வரியோடிய கருங்காலியே நாகரிகமாகிவிடின் அதற்கும் விலை ஏறும், கோடரியும் தொடரும். இத்தடை வலிமையானது. ஆகையாற் சுவையின் பொருளை மாற்றினாற் போதாது. அதன் போக்கும் மாறவேண்டும். முன்னரே மனத்திற் கொண்ட வடிவத்திற்கேற்ற மரத்தைக் காட்டிடம் கோரும் சுவை ஒன்று. கைக்கு வந்த மரத்தில் அழகைக் கண்டெடுக்கும் சுவை மற்றொன்று. 1963 இல் இங்கிலாந்தில் பிறையன் மே என்னும் மாணவரும் அவர் தந்தையாரும் செய்யத் தொடங்கிய கிற்றாரின் கழுத்து, பழைய கணப்படுப்பு ஒன்றின் மகோகனிச் சட்டத்திலிருந்து செதுக்கப்பட்டது. அதிலிருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சி கொண்டு அடைத்தனர். அதற்கென எந்த மரமும் சாயவில்லை. பின்னர் குவீன் குழுவின் இசையில் உலகெங்கும் ஒலித்த கருவி அதுவே.

வரிமரத்தில் ஊடுகழுத்துக் கிற்றார் செய்தல் அறத்திற்கு மாறானது என்று இதனாற் கூறுதல் பொருந்தாது. புயலிற் சாய்ந்த மரத்திலும், இடித்த வீட்டின் உத்தரத்திலும், பழைய தளபாடத்திலும் வரியழகு உண்டு. வாங்குபவர் படத்தைக் காட்டி 'இதே வரி வேண்டும்' எனக் கேட்கையில், செய்பவர் மரத்தின் ஊரையும் வரவையும் கூறவியலாதவராயின் அவ்வேலையை மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு; கடமையும் உண்டு. கழுத்தை மாற்றவியலாத கருவியைச் செய்பவர் ஒட்டும் முன் ஒவ்வொரு கீற்றின் நாரையும் சோதிக்கின்றார். அதே கவனத்தை அந்நார் வளர்ந்த காட்டின்மீதும் செலுத்தும்படி கேட்பது மிகையான கோரிக்கையாகாது. வெட்டிய மரமும் மீள ஒட்டவியலாததே. 1908 இல் வெளிவந்த தம் நூலில் மத்தியகாலச் சிங்களக் கைவினைகளை ஆராய்ந்த ஆனந்த குமாரசுவாமி, அழகையும் பயனையும் பிரித்து நோக்காத கைவினை மரபொன்றைக் கண்டார். அம்மரபிலே பொருளின் நேர்மையும் அழகின் பகுதியாயிற்று. மரவரி கண்ணுக்கு இனிது. அது எவ்வாறு கைக்கு வந்தது என்ற வினாவிற்கு நாணாது விடை கூற முடியுமாயின், அவ்வினிமை அறத்தோடு முரண்படாது.