ஆவாரம்பூவும் எலியின் உயிரும்

மயிலாப்பூர்க் கச்சேரி சாலையின் டப்பா செட்டி கடையிலும், தியாகராய நகர்ப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளிலும் உலர்ந்த ஆவாரம்பூவைக் கேட்டு வாங்குவோரில் நம் குடும்பத்தினரும் உண்டு. திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்து ஊர்களினின்று சென்னைக்குக் குடியேறிய நமக்கு ஆவாரை புதியதன்று. ஏரிக்கரையில் மஞ்சளாய்ப் பூத்து நின்ற செடியே இன்று பொட்டலமாய் வந்து சேர்கிறது. நீரிழிவு கண்டவர் அதனைக் கொதிக்க வைத்து வடித்துக் காலையில் பருகுகின்றனர். நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர்க்கு இந்நோய் உண்டென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த ஆய்வொன்று 2023-இல் கூறியது. ஆதலின் இஃது எவரோ ஒருவர் வீட்டுச் செய்தியன்று.

பொட்டலத்தின் மேல் ‘ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருந்தால் மனம் நிறைகிறோம். அவ்வாய்வு யாதென நாம் கேட்பதில்லை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் பாரி, லதா இருவரும் 2002-இல் சிங்கப்பூர் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஸ்ட்ரெப்டோசோடோசின் என்பது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழிக்கும் வேதிப்பொருள். அதனால் நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆவாரம்பூச் சாற்றை 30 நாள் புகட்டினர். கிலோ எடைக்கு 0.45 கிராம் அளவில் சர்க்கரை குறைந்தது. கிளிபென்கிளமைடு மாத்திரையோடும் ஒப்பிட்டனர். இரத்தத்தோடு ஈரல், சிறுநீரகத் திசுக்களின் கொழுப்பையும் அளந்தனர். ஈரலை எடுத்து அளந்தபின் எலி உயிரோடிருப்பதில்லை.

கொலையைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றாக வகுத்தவர் நம் ஆசிரியர். எலியோ ஐயறிவுயிர். உழுதலிலும் சமைத்தலிலும் நேரும் ஆரம்ப இம்சையை இல்லறத்தார் முற்றும் நீக்க இயலாது. எண்ணித் துணிந்து செய்யும் சங்கற்ப இம்சையை நீக்கியே ஆகவேண்டும். ஆய்வுக்கூடத்தில் நிகழ்வது எண்ணித் துணிந்ததே. நாம் அதனைச் செய்யவில்லை, செய்விக்கவுமில்லை. உடன்பட்டோமா?

அவ்வெலிகள் மாள்வதற்கு நெடுங்காலம் முன்னரே சித்த மருத்துவர் மதுமேகத்துக்கு ஆவாரைக் குடிநீர் கொடுத்து வந்தனர். அம்மரபை நம்பிப் பருகுவோர்க்கு எலியின் சாவில் பங்கில்லை. எலி மாண்ட ஆய்வைச் சான்றாகப் பிறரிடம் பெருமையோடு சொல்லிப் பரப்பும்போதுதான் உடன்பாடு தொடங்குகிறது என்பது நம் கருத்து. (அக்குடிநீரில் சேரும் கோரைக்கிழங்கைக் கண்டு தயங்கும் நம்மவர், எலியைக் குறித்துத் தயங்காதது வியப்பே.)

அவ்வாறாயின் சோதனையே வேண்டாவோ? அங்ஙனம் சொல்ல நமக்குத் துணிவில்லை. அடையாற்றில் நாமறிந்த பெரியவர் ஒருவர் பூவை நம்பி மாத்திரையை நிறுத்தினார்; ஆறாப் புண்ணால் கால்விரலை இழந்தார். அளந்தறியாத நம்பிக்கையும் இம்சையே. இன்சுலினையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1921-இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் நாய்களை வதைத்தே அதனைக் கண்டனர். பின்னர்ப் பல்லாண்டுகள் அது பன்றி, மாட்டுக் கணையங்களிலிருந்தே வந்தது. நுண்ணுயிரி வழியே ஆக்கிய மனித இன்சுலின் 1982-இல்தான் ஒப்புதல் பெற்றது. அஃதின்றி உயிர் தரியாத சிறுவனுக்கு, அதன் பிறப்பைக் காட்டி மறுப்பது கொல்லாமை ஆகாது.

ஆனால் ஆவாரம்பூவின் நிலை வேறு. மனிதர் தலைமுறை தலைமுறையாக உட்கொண்ட பூ அது. வழக்கமான மாத்திரையை விடாமல், மருத்துவர் கண்காணிப்பில், விரும்பி இசைந்த நோயாளிகளிடமே அதனை ஆராயலாம். வெறும்வயிற்றுச் சர்க்கரையையும் மூன்று மாதச் சராசரியையும் அளக்கச் சிறிது இரத்தம் போதும். மனிதன் ‘சரி’ என்றும் ‘வேண்டாம்’ என்றும் சொல்ல வல்லவன், எலிக்கு அவ்வாய்ப்பில்லை. எலியிடம் கண்டது மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்பதும் உறுதியன்று. புதிய மருந்துகளுக்கான விதிகளை 2023-இல் திருத்திய நம் அரசே விலங்கில்லாச் சோதனை முறைகளுக்கு இடமளித்துவிட்டது.

சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டகத்தில் வேப்பம்பூவையும் தாழம்பூவையும் விலக்கச் சொன்னார். பயன் சிறிது, உயிரழிவு பெரிது என்பதே அவர் காட்டிய காரணம். பூவிலுள்ள கண்ணுக்குத் தெரியாச் சிற்றுயிர்க்கே அவ்வளவு கணக்குப் பார்த்தவர், முன்பே வழக்கிலிருந்த ஒரு கஷாயத்தை மெய்ப்பிக்கக் கூண்டிலடைத்த உயிர்களை எந்தத் தட்டில் வைத்திருப்பார்? ஆவாரம்பூவையும் அவர் ஒப்பியிருப்பாரா என்று எம் வீட்டுப் பெண்கள் கேட்கின்றனர். அதற்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. பூவை மட்டும் உதறிப் புழு பூச்சி பார்த்தே கொதிநீரில் இடுகிறோம்.