வேற ஒண்ணும் பிரச்சனை இல்லையே சார்?

நீங்கள் எப்போதாவது பழைய கார் வாங்கப் போயிருந்தால், வாயிலிருந்து வந்த முதல் கேள்வி என்ன என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். 'எவ்வளவு ஓடியிருக்கு?' அதுதானே?

போன வருஷம் நானும் இந்தக் கேள்வியோடு ஆற்காட்டில் அலைந்தேன். என் அக்கா அங்கேதான் இருக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் அவளுக்கு வேலூரில் டயாலிசிஸ். இருபத்தைந்து கிலோமீட்டர் தூரம்தான். போகும்போது பஸ் பரவாயில்லை. திரும்பும்போது, உடம்பை முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி ஆகிவிடுகிறது; கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வாடகைக் கார் கட்டுப்படியாகவில்லை. அவள் மகன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு தானே ஓட்டுவதாகத் திட்டம். சேர்த்தது, சீட்டு எடுத்தது எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைச்சலாகக் கையில் வைத்திருந்தான்.

"மாமாவைக் கூட்டிட்டுப் போடா, அவனுக்குக் கார் தெரியும்" என்றாள் அக்கா. எனக்குத் தெரிந்த கார் ஞானம் இவ்வளவுதான்: மூன்று பழைய கார்களோடு சம்பந்தப்பட்டவன். அதில் இரண்டு தடவை ஏமாந்தேன். மூன்றாவதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பார்த்தது சென்னை - பெங்களூர் ரோட்டில், வரிசையாகக் கார்களை நிறுத்தி விற்கும் ஓர் இடத்தில். 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல். வெள்ளிக் கலர். டேஷ்போர்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம். மீட்டர் 52,000 என்றது. விலை மூன்று லட்சத்துப் பத்தாயிரம்.

"டாக்டர் வண்டி சார். வீடு விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி விட்டா வீடு."

தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் அத்தனை பழைய கார்களும் ஏதோ ஒரு டாக்டருடையவை. இத்தனை டாக்டர்கள் இருந்தும் நமக்கு அப்பாயின்மென்ட் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

மனக்கணக்குப் போட்டேன். 13 வருஷத்தில் 52,000 என்றால் வருஷத்துக்கு 4,000. நாளைக்குப் பதினோரு கிலோமீட்டர். சாத்தியம்தான். ஆனால் பிரேக் பெடலில் ரப்பர் வரியே இல்லாமல் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. டிரைவர் சீட் ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. ஸ்டீயரிங் கைபட்டுக் கைபட்டுப் பளபளத்தது. பதினோரு கிலோமீட்டருக்கு இவ்வளவு மிதிக்க மாட்டார் எந்த டாக்டரும். சர்வீஸ் பில் இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் ஓனர் வச்சிக்கலை சார்" என்றான் பையன். டிஜிட்டல் மீட்டரைத் திருத்த ஒரு லேப்டாப்பும் ஒயரும் போதும் என்பது மெக்கானிக் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். என்றாலும் நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

மருமகனுக்கு வண்டி பிடித்துவிட்டது. "ஓட்டம் கம்மி மாமா" என்றான்.

இரண்டாவது, ஊருக்குள் ஒரு வீட்டில். அதே ஸ்விஃப்ட், அதே வருஷம், அதே டீசல். ஓட்டம் 1,68,000! சொந்தக்காரர் ஒரு பாய். தோல் தரம் பிரிக்கும் வேலையில் நாற்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று தொழிற்சாலை தொழிற்சாலையாக இதே வண்டியில் போய் வந்திருக்கிறார். விலை இரண்டு லட்சத்து அறுபதாயிரம்.

மருமகன் முகம் சுருங்கியது. "பாய், ஓட்டம் ரொம்ப அதிகமா இருக்கே."

"ஓடறதுக்குத்தான தம்பி வாங்குனேன்" என்றார்.

உள்ளே போய் ஒரு ஃபைலோடு வந்தார். முதல் சர்வீஸிலிருந்து எல்லா பில்களும், தேதி வாரியாக. இன்ஷூரன்ஸ் பேப்பர்கள். அப்புறம், நாங்கள் கேட்காமலே ஆரம்பித்தார். ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் கிளட்ச் மாற்றியது. மாதனூர் பக்கம் ஒருமுறை இடித்து முன்பக்க பம்பரும் இடது விளக்கும் புதிதாகப் போட்டது. கடைசியாக, "ஏசி கம்ப்ரஸர் சத்தம் போடுது. இப்ப ஜில்லுனுதான் வரும். ரொம்ப நாள் தாங்காது. அதையும் மனசுல வச்சுத்தான் விலை சொல்லியிருக்கேன்" என்றார்.

நான் அசந்துபோய், "இவ்வளவும் சொல்லி வித்தா யார் வாங்குவாங்க?" என்றேன்.

அதற்கு அவர் தோலைப் பற்றிப் பேசினார். மாடு வளரும்போதே உண்ணி கடிக்கிறது, முள்கம்பி கீறுகிறது, சூடு போடுகிறார்கள், உரிக்கும்போது கத்தி படுகிறது. எல்லாம் தோலில் தெரியும். அப்படிப்பட்ட தோலின் மேல்பரப்பைத் தேய்த்து எடுத்து, மேலே சாயம் பூசி, அச்சுத் தகட்டால் அழுத்திப் புதிதாக வரி வரியாக ஒரு பரப்பை உண்டாக்குவார்களாம். ஒரு மறு இருக்காது. "மறுவே இல்லாத தோல் கையில வந்தாத்தான் நான் வெளிச்சத்துல கொண்டுபோய்ப் பாப்பேன்" என்றார். நான் அந்த வெள்ளிக் கலர் ஸ்விஃப்ட்டை நினைத்துக்கொண்டேன்.

உண்மையில் கிலோமீட்டர் என்பது காரின் வயசு அல்ல. ஹைவேயில் ஒரே சீராக ஓடிய லட்சம் கிலோமீட்டர், ஊருக்குள் கிளட்ச்சையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதித்த ஐம்பதாயிரத்தைவிட எஞ்சினுக்கு நல்லது. அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1966-ல் ஒரு வோல்வோ கார் வாங்கினார். 2013-ல் அதே கார் முப்பது லட்சம் மைலைத் தாண்டியது. நம் கணக்கில் சுமார் 48 லட்சம் கிலோமீட்டர். மந்திரம் ஒன்றும் இல்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றினார், மற்றபடி ஓட்டினார்.

ஆக, வாங்கலாமா வேண்டாமா என்பதற்கு எனக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

மருமகன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கம்ப்ரஸர் வேற போகும்ங்கறீங்க... ஒரு முப்பதாயிரம் குறைச்சுக்குங்க பாய்" என்றான். எனக்கு முதலில் 'பரவாயில்லையே, பேரம் பேசத் தெரிகிறதே' என்று பெருமையாகத்தான் இருந்தது. பாய் ஒன்றும் சொல்லவில்லை. ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். காலையில் அந்த வெள்ளிக் கலர் வண்டிக்கு மூன்று லட்சத்துப் பத்து சொன்னார்கள். அதில் என்னென்ன கோளாறு என்று யாருக்கும் தெரியாது. அங்கே இவன் கேட்டது, 'மூணு ரூபாய்க்கு முடிச்சுக்கலாமா?' என்பதுதான். ஒன்றும் சொல்லாதவரிடம் பத்தாயிரம் குறைக்கக் கேட்டோம். எல்லாவற்றையும் சொன்னவரிடம் முப்பதாயிரம். உண்மைக்கு நாம் போட்ட அபராதம் இருபதாயிரம் ரூபாய்.

அவனைக் கேட்டால் அவனிடமும் நியாயம் இருக்கும். அவன் அம்மாவுக்காக வாங்குகிறான். ஒவ்வொரு ஆயிரமும் ஒரு செலவைத் தாங்கும். குறை இருக்கிற பொருளுக்கு விலை குறைப்பது உலக வழக்கம். ஆனால் பாய் ஏற்கெனவே குறைத்துத்தான் சொன்னார். ஒரே குறைக்கு இரண்டு தடவை கழிப்பது எந்தக் கணக்கு?

ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. பிற்பாடு, 2001-ல், அவருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்ததே அதுதான். வாங்குபவருக்கு நல்ல கார் எது, மக்கர் கார் எது என்று தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் நடுத்தரமாக ஒரு விலைதான் தருவார். நல்ல கார் வைத்திருப்பவர் 'இந்த விலைக்குத் தர முடியாது' என்று சந்தையை விட்டே ஒதுங்குவார். கடைசியில் மக்கர் கார்கள் மட்டும் நிற்கும். அவர் சொன்னது தெரியாமல் நடக்கிற கோளாறு. பாய் வீட்டுத் திண்ணையில் எங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் செய்தோம். இப்படி நாலு பேர் வந்து போனால், ஐந்தாவது ஆளிடம் பாய் கம்ப்ரஸர் பற்றி வாயைத் திறப்பாரா? மீட்டரைத் திருத்துகிறவனை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் '52,000' என்று எழுதச் சொல்லி அவனுக்கு ஆர்டர் கொடுத்தது யார்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தைப் பிரித்துக் காட்டினார். 17-ஆவது பிரிவு. கார் இல்லாத காலம், அதனால் உதாரணத்துக்குக் குதிரை. குதிரைக்குக் கோளாறு என்று தெரிந்தும் ஒருவன் ஏலத்தில் வாயைத் திறக்காமல் விற்கிறான். அது மோசடி அல்ல என்கிறது சட்டம். ஆனால் வாங்குவது அப்போதுதான் மேஜரான அவனுடைய சொந்த மகளாக இருந்தால்? அங்கே சொல்லியாக வேண்டும். அந்த உறவே அப்படி. இன்னொரு உதாரணமும் உண்டு. வாங்குபவர், 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்' என்கிறார். விற்பவன் பேசாமல் நிற்கிறான். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம்.

அதைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. மூன்றாவது காரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் இல்லையா?

2008. என் மாருதி 800-ஐ விற்றேன். ஹெட் கேஸ்கட் போய்விட்டது. தினம் காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினால்தான் ஓடும். வாங்க வந்த பையனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அவன் வருவதற்கு அரை மணி முன்னால் தண்ணீர் நிரப்பிவைத்தேன். தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "வேற ஒண்ணும் பிரச்சனை இல்லையே சார்?"

நான் பொய் சொல்லவில்லை. சிரித்தேன்.

அடுத்த மாசம் போன் வந்தது. திருவண்ணாமலை போகிற வழியில் வண்டி புகை விட்டு நின்றுவிட்டதாம். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. "உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது சார், சும்மா சொல்லணும்னு தோணுச்சு" என்றான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றிப் 'பட்டினப்பாலை'யில் ஒரு பாராட்டு வரும். விற்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்கள் என்று மட்டும் அந்தப் புலவர் நிறுத்தவில்லை. கொள்ளும்போது மிகையாகக் கொள்ள மாட்டார்கள் என்றும் சொல்கிறார். விற்பவனின் நேர்மையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வாங்குபவனுக்கும் அப்படி ஒன்று உண்டு என்பது, பாய் ஃபைலை மூடினபோதுதான் எனக்கு உறைத்தது.

மருமகனைத் தனியாகக் கூப்பிட்டு என் மாருதி கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். "அதுக்காக நான் எதுக்கு மாமா முப்பதாயிரம் குடுக்கணும்?" என்றான். அதுவும் சரிதான். என் பாவத்துக்கு அவன் ஏன் பரிகாரம் செய்ய வேண்டும்? இருந்தாலும் திரும்பிப் போய், "நீங்க சொன்ன விலையே இருக்கட்டும் பாய்" என்றான். பாய் தானாகவே ஐயாயிரம் குறைத்தார். "உங்கம்மா ஆஸ்பத்திரி டீசலுக்கு" என்றார். அந்த வாரமே ஃபாரம் 29, 30 எல்லாம் கையெழுத்தாகி ஆர்.சி. பெயர் மாறியது. அதையும் பாய்தான் அவசரப்படுத்தினார். பெயர் மாறாமல் வண்டி எங்காவது இடித்தால், நஷ்ட ஈட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

ஏழாவது வாரம் கம்ப்ரஸர் நின்றது. பதினெட்டாயிரத்து ஐநூறு ரூபாய். மருமகன் போனில் சொன்னான்.

"அவர்தான் சொன்னாரேடா" என்றேன்.

"அதான் மாமா கஷ்டம். திட்டறதுக்குக்கூட ஆள் இல்லை."