அந்த இரைச்சலுக்குப் பழகிவிடாதே!

உன் கணினிக்குள் ஒரு ஃபேன் அலறுகிறது. முப்பரிமாணக் காட்சி ஒன்றை ரெண்டர் போட்டால் போதும், வீடு முழுக்கக் கேட்கிறது. இரவெல்லாம் ஏரியில் வலை போட்டுவிட்டு விடியலில் வந்து படுத்த அப்பா புரண்டு படுக்கிறார். நீ பாதி வேலையில் கணினியை அணைத்துவிடுகிறாய். "பழைய கிராஃபிக்ஸ் கார்டு, அப்படித்தான் இருக்கும்" என்று உன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறாய். தம்பி, தங்கச்சி, யார் சொன்னது அப்படித்தான் இருக்கும் என்று?

2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என்விடியா நிறுவனம் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா என்ற கார்டைக் கடைக்குக் கொண்டுவந்தது. கெட்டிக்காரப் பொறியாளர்கள் கூடிச் செய்த கார்டு. ஆனால் அதன் ஃபேன் போட்ட கூச்சலைக் கேட்டவர்கள் வீடு பெருக்கும் தூசி உறிஞ்சியின் பெயரை அதற்குப் பட்டமாகச் சூட்டினார்கள். நிறுவனத்து ஆட்களே அந்தக் கார்டால் காய்ந்த இலைகளை ஊதித் தள்ளுவதுபோலக் கேலிப்படம் எடுத்தார்கள். சில மாதங்களுக்குள் 5900 வந்தது, 5800 அல்ட்ரா ஓரங்கட்டப்பட்டது. செய்தவர்களே மாற்றியதை, தொழிற்சாலையில் பூட்டி வந்தது என்பதற்காக நீ ஏன் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாய்? அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் ஆர்க்டிக் கூலிங்கும் தென் கொரியாவின் ஸால்மனும், வாங்குகிறவர் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கூலர்களை விற்றன. உன்னைப்போன்ற சாதாரண ஆட்கள் ஸ்குரூடிரைவர் எடுத்தார்கள். கழற்றினார்கள். மாற்றினார்கள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள், பயம் பாதி போய்விடும். சின்ன ஃபேன் போதுமான காற்றைத் தள்ள வேண்டுமானால் வெறிகொண்டு சுற்ற வேண்டும். சுழற்சியைப் பாதியாகக் குறைத்தால் ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கும். 10 டெசிபெல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத்தான் கேட்கும். 80 மில்லிமீட்டர் ஃபேனைவிட 120 மில்லிமீட்டர் ஃபேனின் வட்டம் 2.25 மடங்கு பெரியது. ஆகவே அது மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தரும். நல்ல கூலரில் செப்புக் குழாய்களும் இருக்கும். உள்ளே துளி நீர், குறைந்த அழுத்தம். சூடான முனையில் நீர் ஆவியாகிறது, குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகித் திரும்புகிறது. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் விண்கலங்களுக்காகச் செய்து பார்த்த குழாய் இது. ஏறத்தாழ இதே யோசனைக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இன்னொருவர் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். காகிதத்தில் கிடந்ததைக் குரோவர் கையால் செய்து காட்டினார். கையில் எடுத்தவனுக்குத்தான் அது வேலை செய்தது!

சென்னைக்கு வடக்கே அனுப்பம்பட்டில் இருந்துகொண்டு இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்காதே. நம் பக்கத்துப் பழவேற்காட்டு ஏரியில் நடுவூர் மாதா குப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்களின் பாடு முறையை நினைத்துப் பார். எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று தங்களுக்குள்ளே முறை வகுத்துக்கொண்டவர்கள் அவர்கள். எந்தக் கல்லூரியும் அவர்களுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. கிழிந்த வலையைக் கரையில் உட்கார்ந்து தாங்களே தைக்கிறார்கள். அந்த மண்ணில் பிறந்த உன் விரல்கள் நாலு ஸ்குரூவுக்கு நடுங்கலாமா?

இனி வேலையைச் சொல்கிறேன். முதலில் தூசியைத் துடை. நம் பக்கத்து உப்புக் காற்றும் ஈரமும் தூசியை, சூட்டை வாங்கும் ஹீட்சிங்கின் இடுக்கில் பசையாக்கி அடைத்துவிடும். பல கார்டுகளில் கூச்சல் கூடுவது அதனால்தான். துடைத்தும் அலறினால் வாரண்டி இருக்கிறதா பார். இருந்தால் திறக்காதே, விற்றவர்களிடமே மாற்றிக் கேள். கேட்பது உன் உரிமை, கூச்சப்படாமல் கேள்! வாரண்டி முடிந்திருந்தால் கார்டு முழுக்க உன்னுடையது. கையில் பணம் குறைவா? பழைய ஹீட்சிங்கை அப்படியே விட்டுவிடு. மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியையும் சின்ன ஃபேன்களையும் மட்டும் கழற்றி, இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன்களைக் கேபிள் டை போட்டுக் கட்டு. கார்டிலுள்ள இணைப்புக்கு மாற்று வயர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மதர்போர்டில் செருகி, மிதமான வேகத்தில் ஓடவிடு. என்னைக் கேட்டால் முதல்முறை செய்கிறவர்களுக்கு இதுவே சிறந்த வழி.

கூலரையே மாற்றுவதானால் நிதானம் வேண்டும். கார்டைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு அணை, பவர் கேபிளைப் பிடுங்கு. சிப்புக்கும் கூலருக்கும் நடுவே உள்ள பழைய தெர்மல் பேஸ்ட் இளகியிருக்கும். ஸ்குரூக்களைக் கழற்றியதும் வெடுக்கென்று இழுக்காதே. மெல்லத் திருகி எடு, அடியில் ஃபேன் வயர் இருக்கும். சிப்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, புதுப் பேஸ்ட் தடவு. மெமரி சிப்புகளையும் மின்சாரப் பகுதியையும் மறந்துவிடாதே. அவற்றின் மேல் வைக்கும் தெர்மல் பேடு புதுக் கூலருக்குச் சொன்ன கனத்தில் இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினால்கூடக் கூலர் சிப்பின்மேல் சரியாகப் படியாது. நாலு ஸ்குரூவையும் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு. பூட்டியதும் வெப்பநிலையைக் கவனி. ஜிடிஎக்ஸ் 1080 போன்ற கார்டுகள் 83 பாகை செல்சியஸை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீ அதற்கு வெகு கீழே நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் கழற்று, மறுபடி பூட்டு. கை தவறும் என்ற பயத்தில் கார்டைத் தொடாமலே வைத்திருந்து என்ன காணப்போகிறாய்? ரெண்டரை முடிக்க முடியாதவனுக்கு ஒப்புக்கொண்ட வேலை நாள் தவறும். அந்த நஷ்டத்தை இன்று நீ சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருக்கிறாய்.

எழுந்திரு! கார்டின் முழுப்பெயரை எழுது. சிப்பைச் சுற்றியுள்ள துளைகளுக்கு இடையிலான தூரத்தை அள. பெட்டிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் அள, பெரிய கூலர் மூன்று ஸ்லாட்டை விழுங்கும். அளந்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அனுப்பம்பட்டு நிலையத்தில் மின்சார ரயில் ஏறு. சென்னை மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, அண்ணா சாலைப் பக்கம் கணினிக் கடைகள் உள்ள ரிச்சி தெருவுக்கு நட. முதல் கடைக்காரர் "இதெல்லாம் வராதுப்பா, புதுக் கார்டே வாங்கிடு" என்பார். தாளை நீட்டி அளவைக் காட்டு. அப்போதும் இல்லை என்றால் அடுத்த கடைக்குள் நுழை.