கடையில் நிற்பவருக்கு முதல் உரிமை

உரியவர் இல்லாத பொருளொன்று நம் முன் வந்து விழுகிறது. கைகள் பல நீளுகின்றன. அது முந்தியவரைச் சேர்வதா, தேவை மிகுந்தவரைச் சேர்வதா, கூடுதல் விலை தருபவரைச் சேர்வதா? பழமையான இவ்வினாவை அமெரிக்க நாட்டு விளையாட்டு ஒன்று வாரந்தோறும் எழுப்பி, வாரந்தோறும் தீர்த்தும் வைக்கிறது.

அதனைக் கற்பனைக் கால்பந்து என்பர். பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தைச் சார்ந்தது அது. 1962இல் ஓக்லந்து ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரருள் ஒருவரான பில் விங்கன்பாக்கும் அவர்தம் தோழர்களும் அதனை வகுத்தனர். பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் ஒரு லீக்காகக் கூடி, மெய்யான ஆட்டக்காரர்களைத் தம்முள் பங்கிட்டுக்கொள்வர். மைதானத்தில் அவர்கள் ஆடும் திறத்துக்கேற்ப இவர்களுக்குப் புள்ளிகள் சேரும்.

ஞாயிறன்று ஒரு வீரர் காயமுற்று வீழ்கிறார். அவரிடத்தில் ஆடப்போகும் புதியவரை இதுவரை எவரும் எடுத்திருக்கவில்லை. முந்தியவருக்கே உரிமையென்றால், ஓய்வாய் அமர்ந்து ஆட்டம் பார்ப்பவர் நொடியில் அவரைக் கவர்ந்துகொள்வார். மருத்துவமனையில் பணியில் நிற்கும் தாதிக்கு எதுவும் கிட்டாது. அங்கேதான் ‘வெய்வர்’ விதி குறுக்கே நிற்கிறது. உரிமையை விட்டுக்கொடுத்தல் என்பது அச்சொல்லின் பொருள். குறித்த நாள்வரை அவ்வீரரை எவரும் தொடலாகாது. வேண்டுவோர் கேட்டு வைக்கலாம். பெரும்பாலும் புதனன்று முடிவாகும். முன்னிற்பவர் கேட்காது விட்டால் உரிமை அடுத்தவருக்குச் செல்லும்.

அவ்வரிசையைப் பல லீக்குகள் தலைகீழாக அமைக்கின்றன. கடையில் நிற்பவருக்கே முதல் உரிமை. மெய்யான ஆட்டத்திலும் இந்நெறி உண்டு. கல்லூரி வீரர்களைத் தேர்வதில் கடைநிலை அணிக்கு முதலிடம் தரவேண்டுமென 1935இல் முன்மொழிந்தவர் பெர்ட் பெல். 1936இல் நடந்த முதல் தேர்வில் அவ்விடம் அவருடைய பிலடெல்பியா ஈகிள்ஸுக்கே கிடைத்தது. ஆயினும் அவர்கள் தேர்ந்த ஜே பெர்வாங்கர் அந்த லீக்கில் ஒருநாளும் ஆடவில்லை. வாய்ப்பைத்தான் விதி வழங்க முடியும், பயனை அன்று.

எளியவருக்கு இரங்குவது அறமே. ஆனால் தோல்வியே ஆதாயமாகுமானால், வேண்டுமென்றே தோற்பவரும் தோன்றுவர். ஆதலின் சில லீக்குகள் ஆளுக்கு நூறு டாலரெனக் கற்பனைப் பணம் தந்து, மறைவாக ஏலங்கேட்கச் செய்கின்றன. செலவிட்டது அப்பருவத்தில் மீளாது. வேறு சில லீக்குகளில், உரிமையைப் பயன்படுத்தி ஒருவரைப் பெற்றவர் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார்.

இவற்றுள் கடைசி முறையே நம் உள்ளத்துக்கு உகந்தது. அங்கே ஏழ்மையை நடிப்பதால் ஊதியமில்லை. பெறுதலுக்கு ஒரு விலை உண்டு. பொறுத்திருந்தவருக்கு முன்னிடம் உண்டு. நேற்றுப் பெற்றவர் இன்று பின்னால் நிற்பது தண்டனையன்று. பிறருக்கும் முறை உண்டென்று ஒப்புதலாகும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பண்டம் பகிரும்போதும், சொத்துக்குச் சகோதரர் கூடி அமரும்போதும், “யார் முந்தியவர்?” எனக் கேட்குமுன், “சென்ற முறை பெற்றவர் யார்?” என நாம் கேட்கிறோமா?